பிளஸ் ஒன்னில் புவியியல்: ஒரு பாடத்தின் இடமும் தேவையும்

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். அண்மையில் ஒன்றிய அரசு அந்த எண்ணை 11,098 கிலோமீட்டர் என்று திருத்திவிட்டது. அதே கணக்கில் தமிழ்நாட்டுக் கடற்கரை 906-லிருந்து 1,068 கிலோமீட்டராகியிருக்கிறது. மாநில அரசின் ஆவணங்களில் 1,076 என்ற எண்ணும் நெடுங்காலமாகப் புழங்குகிறது. இதற்கிடையில் கடலோ கரையோ வளரவில்லை. 1970-களின் கணக்குக்கு எடுத்துக்கொண்ட வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 45 கிலோமீட்டர். இப்போதைய கணக்கில் ஒரு சென்டிமீட்டர் இரண்டரை கிலோமீட்டர். அன்று ஒற்றைக் கோடாகத் தெரிந்த இடத்தில் இன்று கழிமுகமும் உப்பங்கழியும் சிறு வளைவுகளும் தெரிகின்றன. அத்தனையையும் சுற்றி அளந்தால் நீளம் கூடத்தானே செய்யும்?

7,516-ஐ மனப்பாடம் செய்த மாணவர் இனி 11,098-ஐ மனப்பாடம் செய்வார். வரைபடத்தின் அளவை என்றால் என்னவென்று புரிந்துகொண்ட மாணவருக்கோ, கடற்கரைக்கு ஒரே நீளம் இருக்க முடியாது என்பதும், எந்த எண்ணைப் பார்த்தாலும் எதைக்கொண்டு அளந்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதலாமவர் படித்ததும் இரண்டாமவர் படித்ததும் ஒரே பாடம்தான். நம் ஊரில் புவியியலுக்கு மதிப்புக் குறைந்ததற்கும், அதை இப்போது விரும்பி எடுக்க வேண்டியதற்குமான காரணம் இந்த இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் வீடுகளில் நடக்கும் பேச்சு நாம் அறிந்ததே. மதிப்பெண் நன்றாக இருந்தால் பயாலஜி அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அடுத்தபடி காமர்ஸ். புவியியல் பெரும்பாலும் வரலாறு, பொருளியலோடு சேர்ந்த கலைப்பிரிவில் இருக்கிறது. ‘வேறு எதுவும் கிடைக்கவில்லை’ என்பவர்கள் போய்ச் சேரும் இடமாக அந்தப் பிரிவை நாமே ஆக்கிவைத்திருக்கிறோம். அந்தப் பிரிவுகூட எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. அதனால், மாணவர்கள் ஏன் புவியியலை எடுக்க வேண்டும் என்ற கேள்விக்குள்ளேயே, எடுப்பதற்கு அது பள்ளியில் இருக்கிறதா என்ற இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது.

இத்தனைக்கும் நவீன நில அளவையின் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1794-ல் இங்கே தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்திய முக்கோண அளவையைத் தொடங்கினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அளவைக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமானதும் இதே பணியில்தான். அந்த முக்கோணங்கள் வடக்கே நீண்டு நீண்டு இமயத்தை எட்டி, எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை 1856-ல் உலகுக்கு அறிவிக்க வழிசெய்தன. 1926-ல் சென்னையில் உருவான மதராஸ் புவியியல் சங்கமே பிறகு இந்தியப் புவியியல் சங்கமாகப் பெயர் மாறியது. அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பாடம் ஓரத்துக்குப் போனது வருத்தம் தருகிறது.

இந்தச் சரிவு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1948-ல் தன் புவியியல் துறையையே மூடியது. வேறு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் அந்தத் துறைகள் பின்னர் மூடப்பட்டன. 2006-ல் அதே ஹார்வர்டு, புவியியல் பகுப்பாய்வுக்கென்று தனி மையம் ஒன்றைத் தொடங்கியது. பொருளியல், பொதுச் சுகாதாரம், வரலாறு என்று எந்தத் துறை ஆய்வானாலும் இடம் சார்ந்த தரவைக் கையாளத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இந்தத் தேவை மறையக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, புவியியல் எதைத்தான் கற்றுத்தருகிறது? மலைகள், ஆறுகள், தலைநகரங்களின் பட்டியல் என்று நினைப்பவர்கள் அதன் மேல்தோலைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தின் உயிர் ஒரு கேள்வியில் இருக்கிறது: ஏன் இங்கே?

குலசேகரப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இன்னொன்று எதற்கு? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு அந்தச் சுழற்சியே ஓர் உந்துதல் தரும். கழன்று விழும் பாகங்களும் கடலில் விழும். கிழக்குக் கடற்கரைத் தீவான ஸ்ரீஹரிகோட்டா பொருத்தமாக அமைந்தது இதனால்தான். ஆனால் துருவங்களைக் கடந்து சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் வழியில் இலங்கை இருக்கிறது. மக்கள் வாழும் நிலத்தின் மேல் ராக்கெட் பறக்கக் கூடாது என்பதால் முதலில் தென்கிழக்காகப் போய்ப் பிறகு தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பம் எரிபொருளைத் தின்கிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். சில நூறு கிலோ மட்டுமே சுமக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே அண்டார்டிகா வரைக்கும் திறந்த கடல்தான். இதில் இயற்பியலும் பொருளாதாரமும் அண்டை நாட்டின் பாதுகாப்பும் கலந்திருக்கின்றன. இவை அனைத்தும் ஓர் ஊரில் வந்து கூடுவதைப் பார்க்கக் கற்றுத்தருவது புவியியல்.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு காவிரி. 2007-ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டிஎம்சிக்குக் காரணங்கள் இரண்டு. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று சொல்லி 10 டிஎம்சியைக் குறைத்தார்கள். பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டிஎம்சியைக் கர்நாடகத்துக்குக் கூட்டினார்கள். இதில் இரண்டாவதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பெங்களூர் ஒரு மேட்டின் மேல் அமர்ந்த நகரம். மேட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்குச் சரிவில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு வரும். நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரி வடிநிலத்துக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் அந்தப் பங்குக்கு மட்டும் கணக்கிட்டது. முழு நகரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தரையில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பிரி மேடு ஒன்று நீதிமன்றத்தில் இத்தனை டிஎம்சி எடையுள்ளதாக நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவிரியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம் மேலேற்றிக் கொண்டுபோகும் குடிநீரின் ஒரு பகுதி, பெங்களூரின் கிழக்குச் சரிவில் உள்ள வீடுகளில் பயன்பட்டுக் கழிவுநீராகித் தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களை நாம் செய்திகளில் பார்க்கிறோம். காவிரி வழக்கு ஒரு செய்தியாகவும் கெலவரப்பள்ளி நுரை வேறொரு செய்தியாகவும் நமக்கு வந்துசேர்கின்றன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் கண் வடிநிலம் என்ற கருத்தைப் படித்தவருக்கு வாய்க்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டில் வாக்களிக்கப் போகும் ஒருவருக்கு அந்தக் கண் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னையின் கதையும் அப்படித்தான். 2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய ஒரே நாள் மழை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அடையாறு கரைபுரண்டு விமான நிலையம் வரை மூழ்கியது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் வெள்ளம் என்று ஒரு தரப்பும், மழைதான் காரணம் என்று இன்னொரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டன. அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறக்கும் ஆறு அன்று. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதில் சேர்கிறது. செம்பரம்பாக்கத்து நீர் வழியில் வந்து கலக்கிறது. இது தெரிந்தவர்கள், ஏரியை எப்போது திறந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், மேலே உள்ள ஏரிகள் எத்தனை பாழாகிப்போயின, அவற்றின் கலங்கல்களுக்கும் கால்வாய்களுக்கும் என்ன ஆயிற்று என்றும் கேட்டார்கள். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் இடம் கொடுத்துப் பெரும்பகுதி சுருங்கிப்போன பிறகு, 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளம் வந்த நான்கே ஆண்டில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வடகிழக்குப் பருவமழையின் ஓரிரு மாதத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்ளும் ஒரு கடலோரத்தில் வெள்ளமும் வறட்சியும் ஒரே பிரச்சினையின் இரு பருவங்கள். மழையைத் தேக்கும் நிலத்தை இழந்ததுதான் அந்தப் பிரச்சினை. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களில் ஒன்றையாவது வரத்துக் கால்வாயிலிருந்து மதகு வரை நடந்து பார்த்து வரைந்த மாணவருக்கு இதை யாரும் தனியாக விளக்க வேண்டாம்.

சில நேரங்களில் இந்தப் பாடம் உயிரையும் காக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில், மைக்காவ் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல்நீர் நுரைத்து வினோதமாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவளுடைய வகுப்பில் புவியியல் ஆசிரியர் சுனாமியைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். அவள் பெற்றோரிடம் சொல்ல, கரையில் இருந்த நூறு பேர் அளவுக்கு அங்கிருந்து வெளியேறிப் பிழைத்தார்கள். அதே நாளில் சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியதற்கும் நம் கரையை அலை தொட்டதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. அது ஹைதராபாத்தில் 2007-ல்தான் செயல்படத் தொடங்கியது. மீனவர்களின் கடலறிவு ஆழமானது. ஆனால் யாருடைய நினைவிலும் இல்லாத ஒரு பேரலையைப் பற்றி நினைவிலிருந்து எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? அப்படிப்பட்ட அரிய நிகழ்வுகளை உலகின் வேறு மூலையிலிருந்து கொண்டுவந்து நம் பிள்ளைகளின் முன் வைப்பதுதான் வகுப்பறை செய்ய வேண்டிய வேலை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது, அந்த மாவட்டம் ஓராண்டு முழுக்கப் பெறும் சராசரி மழையைவிட அது கூடுதல். நினைவில் இல்லாதவை இனி அடிக்கடி வரும் போலிருக்கிறது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இது மனப்பாடப் பாடம் என்பது முதலாவது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. கடையில் வாங்கிய வரைபடத்தாளில் ஆற்றையும் அணையையும் குறிப்பதோடு பத்தாம் வகுப்புப் புவியியல் பலருக்கு முடிந்துபோகிறது. சமூக அறிவியல் என்ற ஒரே குடையின் கீழ், வரலாற்றில் பட்டம் பெற்ற ஆசிரியரே இதையும் நடத்த வேண்டியிருக்கிறது. அது அவருடைய குற்றமன்று. ஆனால் மேல்நிலை வகுப்பில் பாடத்தின் முகமே மாறிவிடுகிறது. அளவைக் கணக்கு, சம உயரக் கோடுகளைப் படிப்பது, வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பிரித்தறிவது என்று செய்முறை இருக்கிறது. பத்தாம் வகுப்பு அனுபவத்தை வைத்து இதை ஒதுக்குகிறவர்கள் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைத் தீர்மானிக்கிறார்கள்.

கையில் போன் இருக்கிறது, அதில் வரைபடம் இருக்கிறது, இதற்கு ஒரு பாடம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். போன் வழி காட்டும். வாங்கப்போகும் மனை பத்தாண்டுகளுக்கு முன் ஓடையாக இருந்ததா, பக்கத்துச் சாலை அந்த மனையைவிட எவ்வளவு உயரம், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பதை அது தானாக முன்வந்து சொல்லாது. பட்டாவையும் சர்வேயர் தரும் எஃப்எம்பி (புல அளவை) ஸ்கெட்சையும் கையில் வைத்துக்கொண்டு, சம உயரக் கோடுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு தண்ணீரில் நிற்காமல் தப்பிக்கும்.

வேலை கிடைக்குமா என்பதுதான் பெற்றோரின் உண்மையான கேள்வி. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பொறியியல் படிக்க விரும்புகிறவருக்கு பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும்; கலைப்பிரிவில் புவியியல் எடுத்தால் அந்த வாசல் மூடிவிடும். இதை மறைத்துவிட்டு ஒரு பிள்ளையைப் புவியியலுக்கு அழைப்பது அநியாயம். மறுபக்கம், பிஏ அல்லது பிஎஸ்சி புவியியல் படித்து, முதுநிலையில் தொலையுணர்வோ ஜிஐஎஸ் என்னும் புவித் தகவல் அமைப்போ கற்று, அந்தத் துறையின் வேலைகளில் பலவற்றுக்குப் போக முடியும். 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தரவுகளைத் திரட்டலாம் என்று விதிகளைத் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை வந்தது. நகர ஊரமைப்பு, பேரிடர் மேலாண்மை, நீர்வளம், காற்றாலைக்கு இடம் தேர்வது, சரக்குப் போக்குவரத்து, காப்பீடு என்று இடம் சார்ந்த தரவு கேட்கும் துறைகள் பெருகுகின்றன. குடிமைப் பணித் தேர்வின் பொதுத்தாளிலேயே புவியியல் இருக்கிறது; விருப்பப்பாடமாகவும் பலர் அதை எடுக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் பின்னாளில் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிப் படிப்பதும் இதே பாடத்தைத்தான்.

பிளஸ் டூவில் வேறு பாடம் படித்தவர்களையும் புவியியல் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டே, அப்போது எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் புவியியல் பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் ஒரு சிலர். ஊரில் வீடு கட்டப்போகிறவர்கள், பஞ்சாயத்தில் பேசப்போகிறவர்கள், வங்கியிலும் வயலிலும் வேலை செய்யப்போகிறவர்கள் எல்லோரும். அவர்களுக்கு இதைக் கற்றுத்தர மேல்நிலை வகுப்புதான் கடைசி இடம். பதினாறு வயதில் தன் ஊரின் நீரோட்டத்தைப் படித்தவர் வேறு எந்தத் துறைக்குப் போனாலும் அந்தப் பார்வையைக் கொண்டுபோகிறார்.

யார் எடுக்கலாம்? ஊர் சுற்றுவதில் ஆர்வமுள்ளவர், படமாகப் பார்த்தால் சட்டென்று புரிந்துகொள்பவர், இயற்கை அறிவியலும் பிடிக்கும், மனிதர்களைப் பற்றிப் பேசவும் பிடிக்கும், இரண்டில் ஒன்றை விட மனமில்லை என்கிறவர். மருத்துவமோ பொறியியலோதான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவரை நான் இழுக்க மாட்டேன். ஆனால் பொருளியலும் வரலாறும் எடுக்கப்போகிற ஒருவர் புவியியலைச் சேர்த்துக்கொள்ளாமல் போவது பெரிய நட்டம் என்பேன். காவிரி டெல்டாவின் மண்ணும் நீரும் தெரியாமல் சோழர் ஆட்சியின் வருவாயை எப்படிப் புரிந்துகொள்வது? கரிசல் பருத்தியையும் 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராவையும் விட்டுவிட்டுக் கோவை ஆலைகளின் வளர்ச்சியை எப்படி விளக்குவது?

பாதி வேலை அரசுடையது. கணிதத்தோடும் கணினி அறிவியலோடும் புவியியலைச் சேர்த்துப் படிக்கும் பிரிவு பரவலாகக் கிடைத்தால், மேலே சொன்ன மூடிய வாசல் பிரச்சினையின் கடுமை குறையும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு மேல்நிலைப் பள்ளியிலாவது புவியியல் முதுகலை ஆசிரியர் இருக்க வேண்டும். கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடங்கள் 2017 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம் 2009 முதல் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இந்த மே மாத விடுமுறையிலேயே தன் ஊர் ஏரியை நில அளவைத் துறையின் வரைபடத்திலும் புவனிலும் தேடிப் பார்த்து, இரண்டிலும் அதன் கரை ஒரே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஒப்பிட்டது பிடித்திருந்தால், பிளஸ் ஒன் சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கும்போது தலைமையாசிரியரிடம் பெற்றோரோடு போய்ப் புவியியல் பிரிவு இருக்கிறதா, இல்லையென்றால் பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அந்தக் கோரிக்கையை அவர் முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொண்டுபோக முடியும்.